டிக்கெட் கிழிக்காமல் காசு வாங்குகிறவர்கள்



அழைப்பிதழில் எனக்குப் போட்டிருக்கிற தலைப்பு 'இன்றைய இலக்கியமும் நாளைய உலகும்'. நாளைய உலகத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசப் போகிறேன். படிப்பதற்குக் காசு! நீங்கள் எழுதியதைப் படிப்பதற்கு உங்களிடமே காசு!

லிட்டரரி ஏஜென்ட் என்று ஒரு தொழில் இருக்கிறது. நம் ஊரில் அதிகம் கிடையாது. இங்கே எழுத்தாளரும் பதிப்பாளரும் நேரடியாகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள், நடுவில் ஒரு ஆளை வைத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் வசதியில்லை. ஆனால் லண்டனில் 1880-களிலேயே ஏ.பி.வாட் என்று ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இந்தத் தொழிலை ஊன்றி நடத்திக்கொண்டிருந்தார். கிப்ளிங் அவரிடம் இருந்தார், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் இருந்தார். எழுத்தாளர் எழுதுவார், வாட் போய்ப் பேரம் பேசி விற்பார், வந்த பணத்தில் நூற்றுக்குப் பத்து அவருக்கு. இன்றைக்கு அது பதினைந்து ஆகிவிட்டது, வெளிநாட்டு உரிமை என்றால் இருபதுகூட வாங்குகிறார்கள். வாங்கட்டும்! நான் குறையே சொல்ல மாட்டேன். விற்றால்தானே வாங்குகிறார்கள்? புத்தகம் விலைபோனால் அவருக்குச் சோறு, போகாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து பட்டினி. அதற்குப் பெயர்தான் கூட்டாளி.

இப்போது நியூயார்க்குக்கு வாருங்கள். 1946-ல் ஸ்காட் மெரிடித் என்ற இளைஞர் தன் சகோதரரோடு சேர்ந்து அங்கே ஓர் ஏஜென்சி ஆரம்பித்தார். சாமானியப்பட்ட ஆள் இல்லை ஐயா! நகைச்சுவை எழுத்தாளர் வோட்ஹவுஸ் அவரிடம் இருந்தார். நாவலாசிரியர் நார்மன் மெய்லர் இருந்தார். நமக்குப் பக்கத்தில் கொழும்பில் குடியிருந்தாரே ஆர்தர் சி. கிளார்க், அவருடைய கதைகளையும் அமெரிக்காவில் விற்றவர் இவர்தான். வானியல் விஞ்ஞானி கார்ல் சேகன் இன்னும் எழுதவே எழுதாத ஒரு நாவலுக்கு, 1981-ல், முன்பணமாக மட்டும் இருபது லட்சம் டாலர் வாங்கிக் கொடுத்தார். எழுதாத நாவலுக்கு! இங்கே எழுதி, அச்சடித்து, விற்றும் விட்ட நாவலுக்கே ராயல்டி வரவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் தலையை ஆட்டுகிறார். உங்களைத்தான் அண்ணாச்சி, ஆட்டுங்கள்.

இது முன்வாசல். அந்த ஆபீசுக்குப் பின்வாசல் ஒன்றும் இருந்தது.

பெயர் தெரியாத எழுத்தாளர்கள் அந்தப் பின்வாசலில்தான் வர வேண்டும். 1950-களின் கணக்கில் சிறுகதையைப் படிக்க 5 டாலர், நாவலைப் படிக்க 25 டாலர். அமெரிக்காவின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து பள்ளிக்கூட வாத்தியார், விவசாயி, வீட்டுப் பெண்மணி எல்லாரும் கதையோடு காசையும் வைத்து அனுப்பினார்கள். பெரிய மனிதர் படிக்கப் போகிறார் என்று நம்பிக்கை. படித்தது யார்? 1957-ல் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது 19 வயசுப் பையன்! பெயர் லாரன்ஸ் பிளாக். பிற்காலத்தில் குற்றப் புனைகதையில் பெரிய பெயர் எடுத்தவர், அது வேறு கதை. அன்றைக்குப் பையன்தான். ஐந்து டாலரில் அவன் கைக்கு வந்தது ஒரு டாலர். பதில் கடிதத்தின் அடியில் இருந்த பெயரோ ஸ்காட் மெரிடித்!

அந்தக் கடிதம் எப்படி இருக்கும் என்று பிளாக்கே பிற்பாடு எழுதிவிட்டார். உங்களுக்குத் திறமை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். குறையைக் கதையின் அமைப்பின் மேல் போட வேண்டும். ஏன் தெரியுமா? நடை சரியில்லை என்றால் அந்த ஆள் திருத்தி அதே கதையை மறுபடி அனுப்புவான். அமைப்பே கோணல் என்றால் இந்தக் கதையைக் காப்பாற்ற வழியில்லை, ஆனால் திறமையைக் கைவிடாதீர்கள், அடுத்த கதையை எழுதி அனுப்புங்கள் என்று முடித்துவிடலாம். அடுத்த கதை என்றால் அடுத்த ஐந்து டாலர்! அவன் தேறிவிடவும் கூடாது, எழுதுவதை விட்டுவிடவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் ஆயுள் முழுக்க அவனைத் தொங்க விட்டால்தான் பின்வாசலில் காசு விழும்.

ஒரே கூரை. முன்வாசலில் விற்றால்தான் பணம், அதனால் உயிரைக் கொடுத்து விற்கிறார்கள். பின்வாசலில் விற்காமலே பணம், பிறகு எதற்கு விற்க வேண்டும்? சேகனுக்கு உழைத்த அதே மூளை ஏன் அந்தப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு உழைக்கவில்லை என்பதற்கு வேறு எந்த விளக்கமும் வேண்டாம்.

நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் என்னை அடிக்க வருவார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசி–திருநெல்வேலி ரூட்டில் அவர் கையால் டிக்கெட் வாங்காதவர் இந்த மண்டபத்தில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டீர்கள். அவர் ஒரு நாவல் எழுதினார். பஸ்தான் கதை. பேத்தி படித்த பிள்ளை, உட்கார்ந்து அதை இங்கிலீஷில் பெயர்த்துக் கொடுத்தாள். அனுப்பினார்கள் எங்கோ. வந்தது பதில்! முதல் பக்கங்கள் எங்களைக் கவர்ந்தன, முழுவதையும் படிப்பதற்குக் கட்டணம் இவ்வளவு. பென்ஷன் பணத்தில் இருந்து கட்டினார் மனுஷன். ஒரு மாதம் கழித்து அடுத்த கடிதம். உங்கள் குரல் வலிமையானது, அமைப்பு பலவீனம், நாங்கள் சொல்கிற எடிட்டரிடம் கொடுத்துச் சரி செய்துகொண்டு வாருங்கள், அவருக்குக் கட்டணம் தனி.

1957-ன் கடிதம் கடல் தாண்டித் தென்காசிக்கே வந்துவிட்டதா இல்லையா? அவருடைய நாவலை எந்தப் பையன் படித்தானோ! படித்தானோ இல்லையோ!

அந்த எடிட்டர் வித்தையும் பழசுதான். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கத்தில் எடிட் இங்க் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஏஜென்ட், 'கதை நல்ல கதை, ஆனால் எடிட்டிங் தேவை' என்று எழுதுவார், கம்பெனியின் முகவரியைக் கொடுப்பார். எழுத்தாளர் போய் ஆயிரக்கணக்கில் கட்டுவார். கட்டிய பணத்தில் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் திரும்பி வரும். 1998-ல் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட வேண்டியதாயிற்று. கென்டக்கியில் ஒரு பெண்மணி இன்னும் ஒரு படி மேலே போனார். கட்டணம் வாங்கினார், வாங்கினார், வாங்கிக்கொண்டே இருந்தார், ஒரு புத்தகத்தையும் உருப்படியாக விற்கவில்லை. கடைசியில் ஃபெடரல் சிறை. எஃப்.பி.ஐ-யில் இருந்த ஜிம் ஃபிஷர் அந்த வழக்கையே ஒரு புத்தகமாக எழுதினார், 'டென் பர்சென்ட் ஆஃப் நத்திங்' என்று. அந்தப் புத்தகம் விற்றது!

அமெரிக்காக்காரனைத் திட்டினால் கைதட்டுகிறீர்கள். நம்ம ஊருக்கு வரட்டுமா?

ஒரு அமைப்பு இருக்கிறது. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். விருது கொடுக்கிறார்கள். மாதம் ஒரு விழா, விழாவுக்கு ஐம்பது விருது. கவிச்சுடர், கவிமுகில், கவி இடி, கவி மின்னல்! விண்ணப்பக் கட்டணம் உண்டு, பதிவுக் கட்டணம் உண்டு. சாப்பாட்டுக்கு டோக்கன் தனி, போட்டோவுக்குத் தனி. சால்வையை விருது வாங்குகிறவரே கொண்டு வந்துவிட்டால் நல்லதாம், சைஸ் அவருக்குத்தானே தெரியும்! அதே ஆட்கள் கவிதைத் தொகுப்பும் போடுகிறார்கள். பக்கத்துக்கு இத்தனை ரூபாய். இரண்டு பக்கக் கவிதை எழுதினால் இரண்டு மடங்கு. சங்கப் புலவனுக்கு அரசன் யானையைக் கொடுத்தான் என்று மேடைக்கு மேடை முழங்குகிற வாய், மாடிப்படியில் மேசை போட்டு உட்கார்ந்து புலவனிடம் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்கிறது. போன வருஷம் என்னையே தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். தலைமைக்கு என்ன கட்டணம் என்று கேட்டேன். அவர்கள் தருவதாகத்தான் நான் நினைத்துக் கேட்டேன்!

விடுங்கள். இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஒரு கதை மட்டும் சொல்லிவிடுகிறேன், இது உங்களுக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் மேரிலாந்தில் பப்ளிஷ்அமெரிக்கா என்று ஒரு கம்பெனி இருந்தது. நாங்கள் பணம் வாங்குவதில்லை, தரம் பார்த்துத்தான் வெளியிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டது. அதோடு நின்றிருக்கலாம். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கு எழுத்துத் தரம் மட்டம் என்றும் ஏளனம் பண்ணியது. சும்மா இருப்பார்களா? முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் கூடினார்கள். எல்லாரும் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள். கூடி, முடிந்த மட்டும் கேவலமாக ஒரு நாவல் எழுதுவது என்று சபதம்! ஆளுக்கொரு அத்தியாயம். ஒருத்தர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. செத்துப்போனவர் அடுத்த அத்தியாயத்தில் நடமாடுவார். ஒரே அத்தியாயம் இரண்டு இடத்தில் வரும். இருபத்தொன்றாம் அத்தியாயம் கிடையவே கிடையாது. இன்னொரு அத்தியாயத்தை மனுஷனே எழுதவில்லை, கம்ப்யூட்டர் கண்டபடி சொற்களை அள்ளிக் கொட்டியது. பெயர் 'அட்லாண்டா நைட்ஸ்'. அனுப்பினார்கள். 2004 டிசம்பரில் பதில் வந்தது: ஏற்றுக்கொண்டோம்! ஜனவரியில் இவர்கள் குட்டை உடைத்தார்கள், மறுநாளே கம்பெனி பின்வாங்கியது. இருபத்தொன்றாம் அத்தியாயம் எங்கே என்று கேட்க அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே, ஏன்? படித்தால்தானே தோன்றும்!

இந்தக் கூத்துக்குப் பின்னால் இருந்தவர் ஜேம்ஸ் டி. மெக்டானல்ட். பணம் எழுத்தாளனை நோக்கித்தான் ஓட வேண்டும் என்று எழுத்தாளர்கள் மத்தியில் ஒரு விதியையே பரப்பியவர். அதே அறிவியல் புனைகதைக்காரர்கள்தான் 1998-ல் 'ரைட்டர் பிவேர்' என்று ஒரு எச்சரிக்கைப் பணியைத் தொடங்கினார்கள். ஆன் கிறிஸ்பின், விக்டோரியா ஸ்ட்ராஸ் என்று இரண்டு பெண்கள், இருவரும் நாவலாசிரியர்கள். எந்த ஏஜென்ட் காசு பிடுங்குகிறார், எவர் மேல் புகார் இருக்கிறது என்று துருவித் துருவிச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. மிரட்டல் உண்டு, வழக்கு உண்டு. கிறிஸ்பின் 2013-ல் காலமாகும் வரைக்கும் அதை விடவில்லை. இவர்களுக்கு நாம் ஒரு கைதட்டல் கொடுக்கலாம். பலமாக!

ஏஜென்ட்டுகளிலும் யோக்கியர்கள் உண்டு, பெரும்பாலும் யோக்கியர்கள்தான். அவர்களே 1991-ல் இரண்டு பழைய சங்கங்களை ஒன்றாக்கினார்கள், பிற்பாடு படிப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று தங்கள் ஒழுக்க விதியில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகும் வாங்குகிறவர் யார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஒரு தம்பி கை தூக்குகிறார். படிப்பது உழைப்பு இல்லையா, உழைப்புக்குக் கூலி வேண்டாமா? நல்ல கேள்வி. வேண்டும் தம்பி. எடிட்டர் எடிட்டராக வந்து, இன்ன வேலை, இன்ன கூலி என்று சொல்லி, பில் கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும். நானே கொடுப்பேன். விற்றுத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் படிப்பதற்குக் காசு கேட்டால்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மாப்பிள்ளை பார்த்துத் தருகிறேன் என்று வந்த தரகர், ஜாதகத்தைப் பிரிக்கவே தட்சிணை கேட்டால் உங்கள் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் ஆகும்?

நம்ம கண்டக்டர் அண்ணாச்சி என்ன செய்தார் என்று நான் சொல்லவே இல்லையே! இரண்டாவது கடிதத்தைப் பேத்தி படித்துக் காட்டினாள். கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "பாப்பா, முப்பது வருஷம் இந்தப் பையைத் தோள்ல மாட்டியிருக்கேன். டிக்கெட் கிழிக்காமக் காசு வாங்குனா செக்கிங்ல இறக்கி விட்டுருவான், மெமோ, சஸ்பென்ஷன் எல்லாம் உண்டு. இவனுக்கு மேல செக்கிங்கே கிடையாதா? அதக் கேட்டு எழுது." எழுதினாள். பதில் இல்லை. இன்னும் வரவில்லை. கட்டின பணமும் வரவில்லை.

அந்தக் கையெழுத்துப் பிரதியை நான் வாங்கிப் படித்தேன். மழை நாளில் கூரை ஒழுகுகிற பஸ்ஸில் பாவூர்சத்திரம் தாண்டிப் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணுக்காக ஐம்பது பேர் இறங்கி நனைந்துகொண்டு நிற்கிற இடம் ஒன்று இருக்கிறது. அமைப்பு பலவீனமாம்! எவனய்யா சொன்னது?

சீட்டு வந்துவிட்டது. 'நேரமாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறார்கள். அடியில் கோடு வேறு.

ஒரே நிமிஷம். அந்த நாவல் இப்போது என் பையில் இருக்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டுத்தான் கொண்டு வந்தேன். இந்த வாசகர் வட்டத்தில் முப்பது நாற்பது பேர் இருக்கிறீர்கள். செயலாளர் ஜெராக்ஸ் எடுத்துத் தருவார், அடுத்த மாதக் கூட்டத்துக்குள் படித்துவிட்டு வாருங்கள். நல்லது என்றால் நல்லது என்று சொல்லுங்கள், இல்லையென்றால் எந்த இடம் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள், அவரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். படிப்பதற்குக் காசு யாரும் கேட்கக் கூடாது. டீயும் வடையும் உண்டு. அந்தச் செலவு தலைவருடையது, அவருக்கு இப்போதுதான் தெரியும்.