குதிரையின் மூட்டு நோவு

சாலைக் கடைவீதியினின்று மேற்கே நடந்து கோட்டைக்குள் புகுந்தால் குதிரைமாளிகையைக் காண்கிறோம். அதன் கூரையடியில் நிற்கும் 122 மரக்குதிரைகளுக்கு மூட்டு நோவு இல்லை. பந்தயத்திலும் தாண்டுதலிலும் காவற்பணியிலும் உழைக்கும் உயிர்க்குதிரைகளுக்கோ அது பெருந்துன்பம்.

பின்னங்காலில் பின்னோக்கித் துருத்தி நிற்கும் மூட்டு நம் கணுக்காலுக்கு ஒப்பானது. அது ஒரே மூட்டன்று. அடுக்காய் அமைந்த பல மூட்டுகள். கீழடுக்குகள் சிறிதே அசைபவை. ஆயினும் பெரும்பாரம் தாங்குபவை. ஆண்டுக்கணக்கான உழைப்பால் அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. எட்டு குறுகுகிறது, லாடத்தின் நுனி தேய்கிறது. நோவினால் தாண்ட மறுக்கும் குதிரையை நாம் பிடிவாதக் குதிரை என்று அடிக்கிறோம்!

மருத்துவர் காலைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்து, பின் ஓடச் செய்து பார்ப்பார். எக்ஸ்ரே படமும் எடுப்பார். லாடத்தைத் திருத்துதல், சீரான மென்பயிற்சி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, ஃபினைல்பியூட்டசோன் மருந்து ஆகியவை நோவைத் தணிக்கும். தேய்ந்தது மீளாது. ஆனால் கீழெலும்புகள் நாளடைவில் ஒன்றாய் இறுகிவிட, நோவு நீங்கிக் குதிரை மீண்டும் உழைப்பதும் உண்டு. அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

பொறுமையே இங்கு முதல் மருந்து. நோவை மறைத்து ஓட்டுவது நோயைத் தீர்ப்பதன்று. ஆகவேதான் பன்னாட்டுக் குதிரையேற்றப் போட்டிகளில் ஃபினைல்பியூட்டசோனுக்கு இடமில்லை. வாயில்லா உயிருக்கு நொண்டலே மொழி. அதனை அடக்குமுன் செவிசாய்ப்பது நம் கடமையாகும்.