திரும்பி வராத சொல்



நாடகம் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. மேடையிலே இருவர். "டேய், இங்கே வாடா!" என்கிறான் ஒருவன். "இதோ வந்துட்டேனுங்க" என்கிறான் மற்றவன். இன்னார் முதலாளி, இன்னார் கூலியாள் என்று எவரும் எடுத்துரைக்கவில்லை. ஆயினும் கொட்டகையின் கடைசி வரிசையிலே தாயின் மடியில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் புரிந்துவிடுகிறது, ஏவுபவன் யார், ஏவப்படுபவன் யார் என்று! எழுத்தறியுமுன்னே இந்தக் கணக்கை அவனுக்குக் கற்பித்தது யார்? நாம்தான், நமது நாக்குத்தான்!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கற்றோர் எழுதியதைத் தேடிப் படிப்பதை விட்டவனல்லன். 1960-ஆம் ஆண்டில் ராஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் எனும் அமெரிக்க அறிஞர் இருவர், ஐரோப்பிய மொழிகளிலே 'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும் வழங்கும் முறையை ஆய்ந்து எழுதினர். ஒருவர் 'நீ' என, மற்றவர் 'நீங்கள்' என மறுமொழி தந்தால் அங்கே இருப்பது ஆதிக்கம். இருவரும் ஒரே சொல்லை வழங்கிக்கொண்டால், நெருக்கமாயினும் விலக்கமாயினும், அங்கே இருப்பது சமநிலை. தாயை 'நீ' என்கிறோம். அவள் தாழ்ந்தா போகிறாள்? இழிவு சொல்லிலே இல்லை. அச்சொல் திரும்பி வர இயலாமையிலே இருக்கிறது!

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793-இல், 'நீங்கள்' என்பது பிரபுத்துவத்தின் எச்சம் என்று இகழ்ந்து, எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றழைக்கச் சொன்னார்கள். அதே ஆண்டில் மன்னன் தலை உருண்டது. மரியாதைப் பன்மையோ சில ஆண்டுகளிலே மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது!

நம் நாட்டிலே? புறநானூற்றுப் புலவன் முடிமன்னனையே 'நீ' என்று விளித்தான். ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கிலே வந்த உயர்வுச் சொல், இலக்கண நெறியன்று என்கிறது தொல்காப்பியம். வழக்கிலே வந்த அந்த உயர்வை யாருக்கு வழங்கினோம்? வயதுக்கா? உழைப்புக்கா? அறுபது வயது உழவரை ஆறு வயதுப் பண்ணை வீட்டுப் பிள்ளை 'வாடா' என்றானே, எந்த இலக்கணம் அது? சாதி இலக்கணம்! தீண்டாமை ஒழிந்தது என 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் சாற்றிற்று. நாவினுள் புகுந்து தேடச் சட்டத்துக்குக் கை ஏது?

மேடையிலே சமத்துவம் முழங்குகிறோம், கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. இறங்கியதும் தேநீர்க் கடையிலே மேசை துடைக்கும் முதியவரை எப்படி அழைக்கிறோம்? சாக்கடை அடைப்பெடுக்க வருபவரை? அவர் அதே சொல்லை நம்மிடம் திருப்பிச் சொன்னால் பொறுப்போமா? வட்டச் செயலாளரை 'அண்ணன்' என்றழைக்கும் வாய், கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவரை என்னவென்று அழைத்தது? கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஒருவர் வருவாரே, அவர் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?