பள்ளி விட்டபின் பிள்ளைகள் எங்கே?
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கைக்குழந்தைக்கு ஆயாக் கொட்டகை உண்டு. பள்ளி வயதில் ஓரினத்துப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிசெய்தது. பள்ளி விட்டபின்?

பால் நிறுத்து நாம் லயம் திரும்ப மணி 3 ஆகிறது. அதுவரை பிள்ளைகள் ஆசிட் இருக்கும் ஸ்டோர்ப் பக்கமும் கால்வாய்ப் பக்கமும் திரிகிறார்கள். போன மழையில் ஒரு பையனைக் கால்வாயிலிருந்து தூக்கினோம். பிழைத்தான்.

நாம் கட்டடம் கேட்கவில்லை. திடலோரம் மழைக்கு ஒதுங்க ஒரு கொட்டகை, குடிதண்ணீர், சம்பளத்தோடு இரண்டு பெண்கள். ஒருவர் கீரைப் பாத்தி போடவும், நிரைகளில் ரப்பர்க்காய் வெடிப்பதைப் பார்க்கவும் அழைத்துப் போகட்டும், மற்றவர் தலையெண்ணட்டும். ‘விளையாட்டுக் காரியம்’ என்று சில கிராணிமார் சிரித்தார்கள். நாங்களும் கிராணிகள்தாம்; எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் திரிகிறார்கள்.

சனிக்கிழமை மானேஜரைக் காண்கிறோம். தாய்மார்களும் உடன் வரவேண்டும்.