தபாற் சேவையும் அதன் தருமமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கனடா நாட்டுத் தபால் ஊழியரின் வேலை நிறுத்தம். அந்நிய நாட்டு விவகாரம் இந்த மேடைக்கு எதற்கென்று சிலர் எண்ணுதல் கூடும். 1983ஆம் ஆண்டின் பின்னர் நம்மவர் பெருந்தொகையாக அந்நாட்டிற் குடியேறினர். போர்க் காலத்தில் அங்கிருந்து வரும் ஒரு கடிதத்துக்காக எத்தனை தாய்மார் படலையடியிற் காத்து நின்றனர்! இன்று அதே குடும்பங்கள் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றன. கடிதம் எழுதுவார் அரியர். 2025 ஆகஸ்டில் நம் நாட்டுத் தபால் ஊழியரும் ஒரு வாரமளவில் வேலை நிறுத்தம் செய்தனர். ஆகவே, தபாலின் கதை நம் வீட்டுக் கதையுமாகும்.

முதலில் நடந்ததைக் கூறுவோம். 2024 நவம்பர் 15ஆம் திகதி கனடாத் தபாற் கூட்டுத்தாபனத்தின் ஊழியர் ஏறக்குறைய 55,000 பேர் வேலையை நிறுத்தினர். சம்பள உயர்வும் வேலைப் பாதுகாப்பும் அவர்கள் கோரிக்கை. வார இறுதி நாட்களிற் பொதி விநியோகிக்கப் பகுதிநேர ஊழியரை அமர்த்துவதா என்பது பெரும் பிணக்காயிற்று. நத்தார்க் காலம் நெருங்கும் வேளையில் ஒரு மாதத்துக்கு மேல் தபால் நின்றது. ஈற்றில் அரசாங்கம் தலையிட, தொழில் உறவுச் சபையின் கட்டளைப்படி டிசம்பர் 17ஆம் திகதி ஊழியர் வேலைக்குத் திரும்பினர்.

வேலை தொடங்கியதேயன்றிப் பிணக்குத் தீரவில்லை. 2025 கோடையில் நிர்வாகத்தின் இறுதி யோசனையை ஊழியரின் வாக்கெடுப்பு நிராகரித்தது. செப்டெம்பர் 25ஆம் திகதி, வீட்டு வாசலிற் கடிதம் கொடுக்கும் முறையைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. அம்முறை எஞ்சியிருந்த 40 இலட்சம் விலாசங்களும் இனிப் பொதுத் தபாற் பெட்டிகளுக்கு மாறவேண்டும். அன்றைக்கே நாடெங்கும் மீண்டும் வேலை நிறுத்தம் மூண்டது; ஒக்டோபரில் அது சுழற்சி முறைக்கு மாறியது. நவம்பரிலேதான் இரு பகுதியாரும் கொள்கையளவில் உடன்பட்டனர்.

நிர்வாகத்தின் பக்கத்தில் நியாயமே இல்லையென்று கூறிவிட முடியாது. 2006ஆம் ஆண்டில் அங்கே விநியோகிக்கப்பட்ட கடிதங்கள் ஏறக்குறைய 550 கோடி. 2023இல் அவை 220 கோடியாகக் குறைந்தன. ஒரு வீட்டுக்கு வாரம் ஏழு கடிதம் வந்த காலம் போய், இரண்டு வருங் காலம் வந்துவிட்டது. ஆனால் விலாசங்களோ இதே காலத்தில் 30 இலட்சத்துக்கு மேல் பெருகின. நடக்கவேண்டிய தூரம் கூடிற்று. பையிலுள்ள கடிதம் குறைந்தது. பொதி வியாபாரத்திலும் 2019இல் 62 வீதமாயிருந்த பங்கு 2023இல் 29 வீதமாயிற்று. தனியார் கம்பெனிகள் முந்திக்கொண்டன. 2024இல் மாத்திரம் கூட்டுத்தாபனம் 84 கோடி டொலருக்கு மேல் நட்டமடைந்தது.

இங்கேதான் ஊழியரின் இக்கட்டு விளங்கும். 1981ஆம் ஆண்டில் இதே தொழிற்சங்கம் 42 நாள் வேலை நிறுத்தம் செய்து, பெண் ஊழியர்க்குச் சம்பளத்துடன் 17 வாரப் பிரசவ விடுமுறையைப் பெற்றது. பின்னர் வேறு பல துறைப் பெண்களும் அத்தகைய உரிமையைப் பெற அது வழிகாட்டிற்று. அந்நாளில் தபால் நின்றால் வியாபாரம் நின்றது. வங்கிக் காசோலை நின்றது. உறவுச் செய்தி நின்றது. ஊழியரின் பலம் நாட்டின் தேவையில் இருந்தது. இன்றோ தபால் நின்றால் வசதியுள்ளவர் வேறு வழி தேடிக்கொள்கின்றனர். அவ்வாறு போனவரில் ஒரு பகுதியினர் திரும்புவதில்லை. உரிமைக்காகச் செய்யும் வேலை நிறுத்தமே தொழிலை மேலும் மெலிவிக்கின்றது. வேலை நிறுத்தம் செய்யாது விட்டாலோ உள்ள உரிமையும் ஒவ்வொன்றாய்ப் போகும். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை இதுவேயன்றோ?

ஆயின், எல்லாரும் வேறு வழி தேடிக்கொண்டனரா? அன்று. 2024 வேலை நிறுத்தத்தின்போது ஏறக்குறைய 85,000 கடவுச்சீட்டுக்கள் அனுப்பப்படாது தேங்கின. நத்தார் விற்பனையை நம்பிய சிறு வியாபாரிகள் தவித்தனர். கடிதம் எழுதி நன்கொடை திரட்டும் தரும நிலையங்கள் வருவாய் இழந்தன. தனியார் கம்பெனி எட்டிப் பாராத வடதிசைச் சிற்றூர்கள் துண்டிக்கப்பட்டன. கணினி பழகாத முதியோரும், நடக்க இயலாதோரும், தூரத்தே தனித்து வாழ்வோருமே தபாலை இன்னும் நம்பியிருப்போர். அவர்கள் தொகை சிறிது, குரலும் சிறிது.

ஊழியர் இதனை அறியாதவர் அல்லர். வேலை நிறுத்தம் நடந்த நாட்களிலும் முதியோர் உபகாரப் பணம், பிள்ளைகளுக்கான கொடுப்பனவு முதலிய அரசாங்கக் காசோலைகளை விநியோகிக்கச் சங்கமும் நிர்வாகமும் முன்னரே உடன்பட்டிருந்தன. மற்றெல்லாக் கடிதமும் கிடக்க, அந்தக் காசோலைகள் மாத்திரம் உரியோரைச் சென்றடைந்தன. வழக்காடும் இரு பகுதியாரும் ஒரே மனத்தராய் ஒப்புக்கொண்ட இவ்வொன்றே, தபால் யாருக்காக இருக்கின்றது என்ற வினாவுக்கு விடையாகும்.

நம் சமயம் தொண்டினை எவ்வாறு அளக்கின்றது? திருநாவுக்கரசர் கையில் உழவாரம் ஏந்திக் கோயில் வீதிகளிற் புல் செதுக்கினார். இன்றைக்கு இவ்வழியால் எத்தனை அடியார் நடப்பர் என்று எண்ணிப் பார்த்தா அவர் செதுக்கினார்? ஒருவரே வரினும் அவர் காலில் முள் தைக்கலாகாது என்பதே தொண்டின் நெறி. கடையிலே வாங்குவோர் தொகை கணக்கு. பொதுச் சேவையிலே கடைசி வீட்டின் தேவை கணக்கு.

இதனாற் பழைய முறையில் ஒன்றும் மாறலாகாது என்று நாம் வாதிக்கவில்லை. டென்மார்க்கில் 400 ஆண்டுகளாய் நடந்த அரசாங்கக் கடித விநியோகம் 2025 டிசம்பர் 30ஆம் திகதியுடன் முடிவுற்றது; கடிதங்கள் தனியார் கைக்குப் போயின. காலத்தை அணை கட்டி நிறுத்த முடியாது. வாரத்தில் ஐந்து நாள் வரும் கடிதம் இரண்டு நாள் வந்தாற் போதுமாயின் அவ்வாறே ஆகுக. ஆனால் மாற்றத்தின் சுமையை ஊழியர் தலையிலும் முதியோர் தலையிலும் மாத்திரம் ஏற்றுதல் நீதியன்று. பெருந்தெருக்களையும் வைத்தியசாலைகளையும் இலாபம் பார்த்தா நடத்துகின்றோம்? தபாலும் அந்த வரிசையிலே வைத்து எண்ணத்தக்கது.

இளைஞர்களே, உங்களுக்கு ஒரு சொல். உங்கள் விரல் நுனியில் உலகம் இருக்கின்றது. அயல் வீட்டுப் பாட்டியின் விரல் நுனியில் அஃது இல்லை. அரசாங்கப் படிவம் எழுதவும், வந்த கடிதத்தை வாசித்துப் பொருள் சொல்லவும், கணினி வழியே விண்ணப்பிக்கவும் ஆள் இல்லாதோர் நம் ஒவ்வோர் ஒழுங்கையிலும் உளர். வாரத்தில் ஒரு மாலை நம் மன்றத்திலே அவர்க்கெனக் கதவு திறந்திருக்கட்டும். வாசிகசாலை மேசை ஒன்றும் எழுத வல்ல இருவரும் போதும், செலவு அதிகமில்லை. வெயிலிலும் மழையிலும் சைக்கிள் மிதித்து வரும் தபாற்காரரை வாசலிற் கண்டால் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அன்பாய் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பலர்க்கு வேண்டாத ஒன்று சிலர்க்கு உயிராய் இருத்தல் கூடும். அந்தச் சிலரை மறவாதிருத்தலே தருமம். அத்தருமம் நம் மன்றத்தில் என்றும் தழைக்க இறைவன் திருவருளை வேண்டி அமைகின்றோம்.