கண்ணின் ரத்தக் குழாய்கள் சொல்லும் சேதி
(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆறு வருஷமாகக் கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறேன். அதனால் இதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

கிளாக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு சிறுகச் சிறுகப் பட்டுப்போகும் வியாதி. பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வை முதலில் குறைவதால் நமக்கே தெரியாது. காட்டராக்ட் என்றால் ஆபரேஷன் செய்து பார்வையை மீட்கலாம். இதில் போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம்.

'கண் பிரஷர் நார்மல், கவலையில்லை' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பிரஷர் சரியாக இருந்தும் இந்த வியாதி வருவதுண்டு. ஆகவே டாக்டர் விழித்திரையையும் பார்க்க வேண்டும். உடம்பைக் கீறாமலே உள்ளே ஓடும் ரத்தக் குழாய்களைத் தெளிவாகப் பார்க்க முடிகிற இடம் அது.

அந்தக் குழாய்கள் நம் ஸ்வர்ணமுகி ஆற்றைப் போல வளைந்து நெளிந்து, கிளை பிரிந்து ஓடுகின்றன. நரம்பின் தலைப்பகுதியில் இயல்பாகவே ஒரு சிறு குழி உண்டு. கிளாக்கோமாவில் அது பெரிதாகும்போது, அதன் விளிம்பில் குழாய் சட்டென்று மடிந்து இறங்கும். டாக்டர்கள் வெகுகாலமாகக் கவனிக்கும் அடையாளம் இது.

இப்போது கம்ப்யூட்டர் உதவியால் வளைவையும் அகலத்தையும் அளக்கிறார்கள். சிங்கப்பூரில் மலாய் இனத்தவரிடையே நடந்த ஆய்வு 2013ல் வெளியானது. கிளாக்கோமா உள்ளவர்களுக்குக் குழாய்களின் நெளிவு குறைவாக இருந்ததாக அது சொல்கிறது. அதே வருஷம் வெளியான ஆஸ்திரேலியாவின் புளூ மவுண்டன்ஸ் ஆய்வில், தமனிகள் குறுகலாக இருந்தவர்களுக்கு அடுத்த 10 வருஷத்தில் இந்த வியாதி அதிகம் வந்தது தெரிந்தது.

ரத்தம் குறைந்ததால் நரம்பு வாடியதா, நரம்பு வாடியதால் ரத்தத்தின் தேவை குறைந்து குழாய் சுருங்கியதா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. வயதும் ரத்தக் கொதிப்பும்கூடக் குழாயைக் குறுக்கும். எனவே குழாயை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. பிரஷர், நரம்பு, பார்வைப் பரப்பு எல்லாம் சேர்ந்துதான் தீர்ப்பு.

சென்னை சங்கர நேத்ராலயா தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்திய ஆய்வு 2005ல் வந்தது. அதில் கண்டுபிடிக்கப்பட்ட திறந்த கோண கிளாக்கோமா நோயாளிகளில் 100க்கு 98 பேருக்கு மேல், தமக்கு வியாதி இருப்பதே அதுவரை தெரியாது! என்னைக் கவலைப்பட வைப்பது இந்தக் கணக்குதான்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. 40 வயது தாண்டியவர்கள் மூக்குக்கண்ணாடி மாற்றுவதோடு நிறுத்தாமல், விழித்திரையையும் காட்டுங்கள். திருப்பதியிலேயே ஸ்ரீ வேங்கடேஸ்வரா அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அவரவர் ஊரிலும் வசதி இருக்கும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் தாமதிக்கவே வேண்டாம். நான் என் தம்பியையும் பிள்ளைகளையும் பரிசோதிக்கச் சொல்லிவிட்டேன். ரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கண் டாக்டரிடம் சொல்லுங்கள், தாமாக நிறுத்தாதீர்கள்.