மறைத்தலும் அருளே

சிவமயம்



திருவண்ணாமலையை வலம்வரும் அடியார்கள் மலையின் மேற்றிசையை அடையும்பொழுது அடி அண்ணாமலை என்னும் இத்திருப்பதியைக் காண்கின்றனர். ஆதி அருணாசலேசுவரராக இங்கு எழுந்தருளியிருக்கும் பெருமானை நான்முகன் தாபித்து வழிபட்டான் என்பது தலமரபு. அம்மரபில் ஓர் அரும்பொருள் அடங்கியுள்ளது.

அடிமுடி தேடிய வரலாறு யாவரும் அறிந்ததே. சோதிப் பிழம்பாய் நின்ற முதல்வனின் அடியைக் காணத் திருமால் பன்றியாய் நிலத்தை அகழ்ந்தான். முடியைக் காண நான்முகன் அன்னமாய் விண்ணிற் பறந்தான். இருவர்க்கும் எல்லை எட்டவில்லை. திருமால் ‘கண்டிலேன்’ என்று பணிந்தான்; நான்முகனோ தாழம்பூவைச் சான்றாக்கிக் ‘கண்டேன்’ என்றான். காணாமை குற்றமன்று, காணாததைக் கண்டதாகக் கூறுதலே குற்றமாயிற்று. அந்நான்முகனே இம்மலையடியில் இலிங்கம் நிறுவி வணங்கினான் என்னும்பொழுது, தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளுதலே வழிபாட்டின் தொடக்கம் என்பது புலனாகின்றது.

உயிருக்கு அறிவு உண்டு. ஆனால் அது தானே அறியும் அறிவன்று. அறிவித்தால் அறியும் அறிவு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருந்தும் ஞாயிற்றின் ஒளியின்றி அது ஒன்றையும் காணமாட்டாது. ஒளி வந்த பின்னரும் உயிர் கண்ணோடு கூடி நின்று காணாவிடிற் காட்சி நிகழாது. அவ்வாறே இறைவன் உயிர்க்குக் காட்டியும், உடனின்று கண்டும் உதவுகின்றான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. அவனுடைய எண்குணங்களுள் முற்றும் உணர்தல் ஒன்று. பேரருள் உடைமை மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்து எண்ணலாகாது. அருளில்லாத பேரறிவு அச்சத்தையே தரும். அறிவில்லாத அருள் உதவும் வகை அறியாது தடுமாறும்.

அங்ஙனமாயின், எல்லாம் அறிந்தவன், அன்புடையவன், செல்லும் வழியை உயிருக்கு முழுவதும் காட்டிவிடலாகாதோ எனின், இறைவனது ஐந்தொழிலுள் மறைத்தலும் ஒன்றென்பதை நினைத்தல் வேண்டும். உயிர் வினைப்பயனை நுகர்ந்து, மலம் பரிபாகம் எய்துமளவும் அவன் மறைந்து நிற்கின்றான். அதுவும் அருளே என்பர் பெரியோர். கசப்பு மருந்தைத் தேனில் மறைத்து ஊட்டும் தாய் குழந்தையை வஞ்சித்தவள் ஆகாள்.

இவ்வுண்மைக்கு இத்தலத்தோடு தொடர்புடைய வரலாறு ஒன்று சான்று பகரும். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் போற்றிய வேங்கடராமன், 1896 ஆகஸ்டு 29 அன்று, பதினாறாம் வயதில், மதுரையில் தம் இல்லத்தை நீங்கினார். கையில் மூன்று ரூபாய். பழைய தேசப்படம் ஒன்றைப் பார்த்து, அண்ணாமலைக்கு அணித்தான நிலையம் திண்டிவனமே என்று கருதி அவ்வூருக்குச் சீட்டு வாங்கினார். வண்டியில் உடன்வந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரே, விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே இரயில் உண்டு என்று தெரிவித்தார். அதற்கும் போதிய பணமில்லை. எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரை சென்று, அதன்பின் நடந்தே அறையணிநல்லூரை அடைந்தார். முன்னாளில் திருஞானசம்பந்தர் அண்ணாமலையைக் கண்டு தொழுததாகப் பெரியபுராணம் கூறும் திருப்பதி அதுவே. மறுநாள் காதணிகளை ஈடாக வைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் 1 அன்று காலை அண்ணாமலையை அடைந்தார்.

புறப்படும்பொழுது அவருக்குச் சேருமிடம் தெரிந்திருந்தது; வழி முழுவதும் தெரியவில்லை. அறிந்திருந்த சிறிதும் பிழைபட்டிருந்தது. ஆயினும் ஒவ்வோர் இடத்திலும் அடுத்த அடிக்கு வேண்டிய அளவு துணை கிட்டியது. அவரும் வாளா இருந்தாரல்லர், நடந்தார், பசித்தபோது உணவு கேட்டார், உடைமையை ஈடு வைத்தார். ‘அவன் அறிவான்’ என்னும் தேற்றம் முயற்சியை விலக்குவதன்று. முயற்சியினின்று கலக்கத்தை விலக்குவது.

நோயுற்ற மகவின் அருகே கண்விழித்திருக்கும் தாய்க்கும், தொழில் நொடித்து நாளைய நாளை எண்ணி அஞ்சும் குடும்பத்தலைவர்க்கும் இதுவே ஆறுதல். ‘எல்லாம் நலமாகவே முடியும், எனக்குத் தெரியும்’ என்று துணிந்து கூறுவது நம்பிக்கை அன்று, அது தாழம்பூவின் சாட்சி போன்றது. ‘முடிவை அறியேன், அறிந்தவன் ஒருவன் உளன், இன்று செய்யத்தக்கதைச் செய்வேன்’ என்பதே அடியார் நிலை. துன்பம் நீங்காத இடத்தும் அவன் துணை நீங்குவதில்லை. மலையை வலம் வருவோர்க்கு ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதை ஒரே நோக்கில் தென்படுவதில்லை. மலையோ வலப்புறத்தே நின்றுகொண்டே வருகின்றது.

திருப்பணிக்குப் பொருளும் உழைப்பும் நல்கிய அன்பர்கள் இதனை நன்கு உணர்வர். முதற்கல்லை எடுத்துவைக்கும் நாளில் முடிவுநாளை எவரும் அறிந்திலர். குடமுழுக்கின்போது விமானத்தின் உச்சியிற் கலசநீர் சொரிவதைக் கீழே நிற்போருட் பலர் காண இயலாது. ஆயினும் மேலிருந்து தெளிக்கும் நீர்த்துளி அவர்தம் தலைமேலும் வந்து விழுகின்றது. காணாதார்க்கும் அருள் உண்டு. முற்றும் உணர்ந்த பெருமான் திருவடிக்கே வழியையும் முடிவையும் ஒப்புவித்து, அடியார் அனைவரும் கலக்கம் நீங்கி வாழ்க!

திருச்சிற்றம்பலம்