பெருந்தெருவும் அதன் இடர்களும்

ஒரு நெடுஞ்சாலை திறந்துவைக்கப்படும் நாளில் மக்கள் காண்பது அதன் மேற்பரப்பை மாத்திரமே. அடியிலே எத்தகைய மண் கிடந்தது, யாருடைய காணி போயிற்று, இடையிலே நேர்ந்த நட்டத்தை எவர் தாங்கினர் என்பவை கண்ணுக்குப் புலனாவதில்லை. பொதுப்பணத்தினால் வீதி அமைக்கும்போது, நேரக்கூடிய நட்டத்தை முன்னரே ஆராய்ந்து, அதனை யார் தாங்குவது எனத் தீர்மானித்தலே இடர் முகாமை எனப்படும்.

முதலாவது இடர் நிலத்திலே உள்ளது. இலங்கையின் மேற்குக் கரையோரத் தாழ்நிலங்களிற் பலவற்றில் உக்கிய தாவரங்கள் செறிந்த சேற்றுமண் படிந்துள்ளது. 2011 ஆம் ஆண்டிலே கொட்டாவைக்கும் காலிக்கும் இடையில் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையும், 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கொழும்பு - கட்டுநாயக்க அதிவேக நெடுஞ்சாலையும் இத்தகைய நிலங்களைக் கடந்தே செல்கின்றன. இம்மண்மீது வாளா வீதியை அமைத்தால், மண்ணிலுள்ள நீர் மெல்ல மெல்ல வெளியேற, வீதியும் ஆண்டுக்கணக்காகத் தாழ்ந்துகொண்டே போகும். ஆகையால், மேலே மண்ணைக் குவித்து மாதக்கணக்கிற் பாரமேற்றி வைப்பர். அல்லது மணற்றூண்களை இறக்கி நீர் விரைந்து வெளியேற வழிசெய்வர். அல்லது சேற்றை அகற்றிக் கல்லிட்டு நிரப்புவர். எவ்வழி ஏற்றது என்பதை, துளையிட்டு மண்ணைச் சோதித்தே அறிதல் கூடும். அச்சோதனையிலே மிச்சம்பிடித்த பணம் பின்னர்ப் பன்மடங்காகச் செலவாகும்.

இரண்டாவது இடர் பணத்தைப் பற்றியது. எல்லா நட்டத்தையும் ஒப்பந்தகாரர் தலையிலே சுமத்திவிடலாம் என எண்ணுவோர் உளர். முன்யோசனையுள்ள ஒப்பந்தகாரர் தமது அச்சத்தின் விலையையும் கேள்விப்பத்திரத்திலே சேர்த்துவிடுவார். சேர்க்காதவர் நட்டம் தாங்காது நடுவழியில் வேலையைக் கைவிடவும் கூடும். எனவே, எவர் ஓர் இடரைக் கட்டுப்படுத்த வல்லவரோ அவரே அதனைத் தாங்குதல் முறையாகும். இயந்திரத்தாலும் வேலைத்திறத்தாலும் வருவது ஒப்பந்தகாரருக்கு உரியது. காணியை உரிய காலத்தில் ஒப்படையாமையால் வருவது அரசாங்கத்துக்கு உரியது. தாரின் விலை உலகச் சந்தையில் ஏறினால், அதனை ஈடுசெய்யும் முறை உடன்படிக்கையிலேயே இருத்தல் வேண்டும். ஆயினும், 2022 ஆம் ஆண்டிலே நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை இடைநிறுத்தியபோது, கடவத்தைக்கும் மீரிகமவுக்கும் இடையிலான மத்திய அதிவேக நெடுஞ்சாலை வேலை கடன்பணம் வராமையால் நின்றுபோயிற்று. கடனை மாத்திரம் நம்பித் தொடங்கிய வேலை கடனோடு நிற்கும்.

மூன்றாவது இடர் மக்களைச் சார்ந்தது. தெற்கு நெடுஞ்சாலையின் இறுதிப் பாதை, முன்னர்ச் சுற்றாடல் மதிப்பீட்டிலே ஆராயப்பட்ட பாதையிலிருந்து சில இடங்களில் விலகிச் சென்றது. அதனாற் காணியிழக்க நேர்ந்தோருக்குத் தம் கருத்தைக் கூற வாய்ப்பளிக்கப்படவில்லை. அவர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2004 ஆம் ஆண்டு சனவரியிலே உயர் நீதிமன்றம், அவர்களைக் கேளாது முடிவு செய்தமை இயற்கை நீதிக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. பாதையை மாற்றுமாறு பணியாவிடினும், காணிக்குரிய இழப்பீட்டுக்குப் புறம்பாக அவர்களுக்கு நட்டஈடு வழங்குமாறு கட்டளையிட்டது.

ஒப்பந்தகாரர் தாம் ஏற்கும் இடருக்கு விலை கூறுகின்றார். கடன் கொடுப்போர் வட்டி கூறுகின்றனர். பாதையின் நடுவே வீடு வைத்திருப்பவரோ, எவரும் கேளாதவிடத்து எதையும் கூற இயலாதவர். ஆகவே, மண்ணைச் சோதிப்பது எவ்வளவு அவசியமோ, வரைபடம் முடிவாகுமுன் அம்மக்களை அழைத்துக் கேட்பதும் அவ்வளவு அவசியமாகும்.